ராக்கெட்டுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை

ஜன்னலோரத்தில் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு எதுவானாலும் சரி. பஸ்ஸில் ஏறினால் நான் யாரிடமும் இடம் கேட்க மாட்டேன், பேச்சும் கொடுக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். திருச்செந்தூரில் ஏறி மதுரையில் இறங்கும்வரை வாயே திறக்காமல் போகக்கூடிய ஆள். அதனால் என்னால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பின்னால் ஒரு சிவப்புக் கார் வருகிறதா? லாரிக்குப் பின்னால் பாருங்கள். வருகிறதா? சரி.

அது எங்கள் வண்டிதான். ஓட்டுகிறவர் என் மாப்பிள்ளை. பக்கத்தில் இருப்பது என் வீட்டுக்காரி பூரணம். பின்சீட்டு ஜன்னலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்று வருகிறது பாருங்கள், அது நாய். அந்தப் பின்சீட்டில் பாதி என்னுடையது. சேலத்திலிருந்து வரும்போது அதில்தான் வந்தேன். இப்போது நான் கதவைத் திறந்தால் அது பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. ஆகவே நாய் காரில் வருகிறது, நான் பஸ்ஸில் போகிறேன். நியாயமா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். எனக்குப் பேச்சே பிடிக்காது.

துண்டா? சும்மா வெயிலுக்குக் கட்டியிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

நாய் என்னுடையது இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது மாப்பிள்ளையுடையது. பெயர் ராக்கெட். லாப்ரடார் ஜாதி. அந்த ராக்கெட் கிளம்பி நான் பார்த்ததில்லை. போட்ட இடத்தில் கிடக்கும், பூசணிக்காய் மாதிரி. என் மகள் சுபாவும் மாப்பிள்ளையும் ஓசூரில் இருக்கிறார்கள். மகளுக்கு மசக்கை வந்ததும் நாய் வாசம் ஆகவில்லை. நாயைக் கண்டாலே குமட்டல். மாப்பிள்ளை ஒரு நாள் அதைச் சேலத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். என்னிடம் கேட்டாரா என்றால், கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா? நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "ராக்கெட், கொஞ்ச நாளைக்குத் தாத்தா வீட்டுல இருப்பியா? தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரே?" என்றார்.

நான் என்ன சொல்வது? நானும் நாயைப் பார்த்து, "இருந்துட்டுப் போ" என்றேன்.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். தங்கமான பிள்ளை. ஆனால் என்னை மாதிரியே வாய் வராது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நேருக்கு நேர் "வாங்க மாமா", "வாங்க மாப்பிள்ளை" இரண்டுக்கு மேல் போனதில்லை. முன்பெல்லாம் சுபா நடுவில் இருப்பாள், அவள் வழியாகப் பேச்சு போய்வரும். அவள் இல்லாதபோது பூரணம். நாய் வந்த பிறகு நாய். நான் நாயோடெல்லாம் பேசுகிற ஆள் இல்லை தம்பி. மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத்தான் நாயைப் பார்த்துச் சொல்வது. மாப்பிள்ளை வராத நாளிலும் பேசுகிறீர்களே என்று பூரணம் கேட்பாள். அது பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.

வந்த இரண்டாவது மாதம் ராக்கெட்டுக்கு உண்ணிக் காய்ச்சல். தலை தூக்கவில்லை. சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசி, மருந்து, குளுக்கோஸ் எல்லாம் ஆயிற்று. அதே வாரம் பார்த்து எனக்கும் வாயுத் தொல்லை வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. படுக்கையில் வாயு உருளுவதால், நாய் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன். தரை குளிர்ச்சி, வாயுவுக்கு நல்லது. நாய்க்குக் காய்ச்சல் விட்டது. பாருங்கள், அன்றைக்கே எனக்கும் வாயு விட்டது. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூரணம் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் குலதெய்வம் சாஸ்தா. கோயில் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில். பார்த்திருக்கிறீர்களா? மண் முழுக்கச் செக்கச் செவேல் என்று இருக்கும். நாய்க்கு உடம்பு தேறியதும் அவள் சொன்னாள், "சாஸ்தாவுக்கு மொட்டை வேண்டியிருக்கேன். ராக்கெட்டையும் கூட்டிட்டுப் போகணும்."

அவ்வளவுதான் சொன்னாள். யாருக்கு மொட்டை என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நோய் வந்தது நாய்க்கு, கோயிலுக்கு வரவேண்டியதும் நாய். கேட்க என்ன இருக்கிறது? நாய்க்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வீர்கள்?

சிவப்புக் கார் வருகிறதா? தலையை வெளியே நீட்டாதீர்கள், சும்மா திரும்பிப் பாருங்கள் போதும். நாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? இந்தப் பக்கமா? சரி, எனக்கென்ன.

இன்று விடியற்காலையில் சேலத்தில் கிளம்பினோம். மகள் வரவில்லை, ஆறாம் மாதம். மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்கதவைத் திறந்துவிட்டு நாயிடம், "தாத்தா முன்னாடி உக்காருவாரா?" என்றார். மாமனாருக்கு முன்சீட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையோடு பேச வேண்டியிருக்கும். நான் நேராகப் பின்சீட்டில் ஏறி நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பை. நாய்க்கு மூன்று பை. தண்ணீர்க் கிண்ணம், தயிர்சாதம், விரிப்பு, பந்து, ரப்பர் எலும்பு. நான் என் பங்குக்கு ஒரு சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணியும் வெட்டிவேரும் போட்டு நானே காய்ச்சுவது. எனக்கு முடி மேல் ஆசையெல்லாம் கிடையாது தம்பி. அறுபத்தெட்டு வயதில் தலை நிறைய முடி இருந்தால் அது நான் கேட்டு வாங்கியதா? எங்கள் தெருவில் என் வயதுக்காரர்களில் சீப்பு வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. எதிர்வீட்டுப் பொன்னுரங்கத்திடம் சொல்லியிருக்கிறேன், அவர் வழுக்கை. சலூன்காரரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடம். ராக்கெட்டுக்கும் அந்த எண்ணெய் வாசம் பிடிக்கும். காலையில் எழுந்ததும் வந்து என் தலையை முகர்ந்துவிட்டுத்தான் வெளியே போகும்.

ஏறிய கொஞ்ச நேரத்தில் அதன் தலை என் மடிக்கு வந்துவிட்டது. அம்மிக்கல் கனம். நாமக்கல் தாண்டும்போது என் ஒரு கால் மரத்துப்போயிற்று. அசைக்கலாம் என்றால், அது அப்போதுதான் தூங்கியிருந்தது. எழுப்பினால் அப்புறம் படுத்தும். அதனால் விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வண்டியை அமுக்கினார். எனக்கு வேகம் ஆகாது. தூங்குகிற நாயிடம்தான் சொன்னேன். "ராக்கெட்டு, வண்டி ஏன் இப்படிப் பறக்குது? சாஸ்தா எங்கயும் எழுந்து போயிட மாட்டார்."

மாப்பிள்ளை கண்ணாடியில் நாயைப் பார்த்து, "ராக்கெட், எண்பதுலதான் போறோம்னு தாத்தாகிட்ட சொல்லு" என்றார்.

"எண்பதே ஜாஸ்தின்னு சொல்லுடா."

"அப்ப எழுபதுல போறோம்னு சொல்லு ராக்கெட்."

பூரணம் திரும்பிப் பார்த்தாள். "அது குறட்டை விட்டுத் தூங்குது. அதை ஏன் ரெண்டு பேரும் இந்தப் பாடு படுத்துறீங்க? சாமி வாயைக் கொடுத்திருக்குல்ல?"

அதற்குள் கரூர் வந்துவிட்டது.

கரூர் தாண்டித்தான் வினை. மாப்பிள்ளை பூரணத்திடம் கேட்டார், "அத்தை, மொட்டைன்னு சொன்னீங்களே. யாருக்கு?"

பூரணம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றாள்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே போய்ப் பார்ப்பதாவது? நான் சேலத்தில் எடைமேடையில் வேலை பார்த்தவன். படித்தது எட்டாவது. ஆனால் லாரியை மேடையில் ஏற்றினால் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எடை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று எந்த டிரைவர் வந்து கெஞ்சினாலும் நடக்காது. அந்தப் பழக்கம். நாயைத் தட்டி எழுப்பிச் சொன்னேன், "நோய் யாருக்கு வந்துச்சோ அவங்களுக்குத்தான் மொட்டை. உனக்குத்தான்டா."

மாப்பிள்ளை பதறிவிட்டார். "ராக்கெட், தாத்தாகிட்ட சொல்லு. உன் ஜாதிக்கு முடியை மழிக்கக் கூடாது. மழிச்சா தோல் வெந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"சாமி முன்னாடி வந்து டாக்டர் இதைச் சொல்லுவாராடா?"

"வேணும்னா வால்ல கொஞ்சம் கத்தரிச்சுக்கலாம்னு சொல்லு. பூமுடி மாதிரி."

பூமுடி என்றால் தெரியுமல்லவா, முழுசாக மொட்டை போடாமல் பெண்கள் மூன்று விரல் அளவு கத்தரித்துக் கொடுப்பார்களே, அது. எனக்கு அப்போது வந்தது பாருங்கள் ஒரு ஆவேசம். நேரே உட்கார்ந்தேன். "பூமுடியெல்லாம் கணக்குல சேராது. வேண்டினது மொட்டை, கொடுக்கிறது பூமுடியா? சாமிக்கு எடை குறைச்சுப் போடலாமா?"

"உண்டியல்ல ஏதாவது போட்டுட்டா?"

"அதெல்லாம் தனி. மொட்டைன்னா மொட்டை. கையை வச்சா வழுக்கணும்."

பூரணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் காருக்குள் நாய் வாசம் ஒத்துக்கொள்ளாது, பாவம். தோள்கூடக் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், "அப்ப நாய்க்குக் கூடாதுன்னு ஆகிட்டா, நம்மள்ல ஒரு ஆள் முழு மொட்டை போட்டாகணும். அப்படித்தானே சொல்றீங்க?"

"அப்படித்தான்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"எடைச்சீட்டு எழுதிக் கையில கொடுத்த பிறகு நான் எப்பவாவது திருத்தியிருக்கேனா?"

"மாப்பிள்ளை, நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். நாய்க்கு ஆகாது என்றால் நாய்க்குச் சொந்தக்காரர் போட்டுக்கொள்வார். மாப்பிள்ளைக்கு முன்பக்கம் ஏற்கெனவே நெற்றி மேலே ஏறிவிட்டது. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இதை நான் நாயிடம்கூடச் சொல்லவில்லை, மனதோடு வைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் தாண்டி ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட நிறுத்தினோம். நாயை உள்ளே விட மாட்டார்கள். நான் எனக்குப் பசியில்லை என்று சொல்லி நாயோடு காரிலேயே இருந்தேன். நாய் தனியாக இருந்தால் சீட்டைக் கடித்து வைக்கும், சீட்டு விலை அதிகம், அதற்காகத்தான். வெயில் ஏறிவிட்டதே என்று மாப்பிள்ளை வண்டியை அணைக்காமல் ஏசியைப் போட்டுவிட்டுப் போனார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. அவர்கள் உள்ளே போனதுதான் தாமதம், அதுவரை பூசணிக்காயாகக் கிடந்த ராக்கெட் எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து முன்னால் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததோடு சரியா? முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டல் வாசலைப் பார்த்தது. ஆரன் அடிக்க ஆரம்பித்தது.

பாம் என்று ஒரே ஆரன். நிற்கவில்லை. அதன் கனம் அப்படி.

"ராக்கெட்டு, காலை எடு. எடுடா சாமி." எடுக்கவில்லை. வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே உடம்பு கூசும். இருபது பேர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வேன்? சீட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு லாரி டிரைவர் கண்ணாடியைத் தட்டினார். "யோவ் பெரியவரே, எந்திரி. நாய ஓட்டச் சொல்லிட்டு நீ பின்னாடி படுத்துட்டு வர்றியா?"

இன்னொருவர், "விடுங்கண்ணே, அது லைசென்ஸ் வச்சிருக்கும். சீட் பெல்ட்தான் போடலை" என்றார்.

ஊரே சிரித்தது. மாப்பிள்ளை பாதி தோசையோடு ஓடி வந்து கதவைத் திறந்தார். நாயைப் பார்த்து, "ராக்கெட், தாத்தா எங்க?" என்றார். நான் கீழேயிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு மதுரை, அருப்புக்கோட்டை, தூத்துக்குடி எல்லாம் தாண்டித் தேரிக்காடு வரும்வரை நான் நாயிடம்கூடப் பேசவில்லை. கோபம்தான். அது என் மடியில் தலையை வைத்தது. வைத்துக்கொள் என்று விட்டேன். அதற்கும் வயதாகிறது.

கார் வருகிறதா? லாரி மறைக்கிறதா? லாரிக்காரன் வழிவிட மாட்டானோ. பார்த்துக்கொண்டே இருங்கள் தம்பி. எனக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு வழி தெரியாது, அதற்காகத்தான்.

கோயிலில் இன்று கூட்டமே இல்லை. கதவைத் திறந்ததும் நாய் இறங்கித் தேரி மண்ணில் ஒரு புரளு புரண்டது. சந்தன நிற நாய் செங்கல் நிறமாகிவிட்டது. வேப்பமரத்தடியில் முடி இறக்குகிறவர் ஒருவர் சொம்பும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி. யாருக்கு முடி இறக்கணும்?" என்றார்.

எனக்கு அந்நியரிடம் பேச்சு வராது. நாயைக் கைகாட்டினேன்.

அவர் நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்த ஊருக்காரவிய நீங்க? அண்ணாச்சி, இந்தக் கத்திய இதுக்கு மேல வச்சேன்னா நாளைப்பின்ன எந்த மனுசன் எங்கிட்ட தலையக் குடுப்பான்?"

ஆக, நாய்க் கணக்குப் போயிற்று. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று சொன்னேனே. ஒரு வார்த்தை பேசாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நானும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் சட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அப்போது பூரணம், "என்ன செய்றீங்க மாப்பிள்ளை? சுபா மாசமா இருக்கா. புருசன் தலையில கத்தி படலாமா?" என்றாள்.

முடி இறக்குகிறவர் கத்தியைக் கீழேயே வைத்துவிட்டார். "பிள்ளத்தாச்சி வீட்டுக்காரரா? படவே கூடாது தாயி. நான் தொட மாட்டேன்."

இது எப்படி என் நினைவில் இல்லாமல் போயிற்று? சுபா வயிற்றில் இருந்தபோது நானே தலைமுடியைக் கழுத்து வரை வளர்த்துக்கொண்டு திரிந்தவன். அப்போது நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது கிடக்கட்டும். மாப்பிள்ளை கணக்கும் போயிற்று.

பூரணம் கொண்டையை அவிழ்த்தாள். "நான் வேணா பூமுடி கொடுத்துடறேன்."

"அது போதும் தாயி, பொம்பளையாளுக்கு அது போதும்" என்று அவர் கத்தரியை எடுத்துவிட்டார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். உடனே இவள் என்னைப் பார்த்து, "ஆனா பூமுடி கணக்குல சேராதுன்னு இவங்க சொல்லிட்டாங்களே" என்கிறாள்.

மாப்பிள்ளை குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார். "ஆமா ராக்கெட். கையை வச்சா வழுக்கணும்னு தாத்தாதானே சொன்னார்?"

நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. முடி இறக்குகிறவர் ஒரு பலகையை எடுத்து எனக்கு எதிரில் போட்டார்.

நான் என்ன செய்ய முடியும் தம்பி? எழுதின சீட்டைத் திருத்துகிறவனா நான்? உட்கார்ந்தேன். தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். "என்ன முடி அண்ணாச்சி, பாய் பின்னலாம் போலிருக்கே" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படவா முடியும்? அப்போது பூரணம் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள், "நான் வேண்டினதே உங்க தலையைத்தான்."

"என்னது?"

"நாய்க்காக யாரு வேண்டினா? நாய் பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க சோறு தண்ணி இல்லாமக் கிடந்தீங்களே. இந்த மனுசன் எழுந்து ஒரு வாய் சாப்பிட்டா இவர் தலைமுடியையே கொடுக்கிறேன்னு சாஸ்தாகிட்டச் சொன்னேன்."

"இதை ஏன் சேலத்துலயே சொல்லலை?"

"சொன்னா நீங்க சேலத்துலயே இறங்கியிருப்பீங்க."

பாருங்கள், பெண்களுக்குக் கணக்கே தெரிவதில்லை. ஒரு வாயுத் தொல்லைக்கு முழு மொட்டையா? இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும்.

முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. குழாயடியில் குளித்தேன், தலை நிறையச் சந்தனம் பூசினார்கள். பூரணம் புது வேட்டி சட்டை கொண்டுவந்திருந்தாள். எங்கள் ஒரே பையில் அது எப்போது ஏறியது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். மாற்றிக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தலை போனவனுக்குப் பேச்சு எங்கே வரும்? சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், வேப்பமரத்தடியில் ராக்கெட்.

என் முடி குவியலாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் படுத்து, மூக்கை அதற்குள் விட்டு, முனகிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போனேன். அது எழுந்து நின்றது. பிடரி சிலிர்த்தது. பல் அத்தனையும் தெரிந்தது. அந்த நாய்க்கு அத்தனை பல் உண்டு என்றே எனக்குத் தெரியாது. குவியலை நான் திருட வந்தவன் மாதிரி குரைத்தது பாருங்கள், பூசாரி மணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டார்.

"தாத்தாடா ராக்கெட், தாத்தா!" என்று மாப்பிள்ளை பிடித்து இழுக்கிறார். பூரணம் அதட்டுகிறாள். நான் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். என்ன சொல்வது? எனக்கே கண்ணாடியில் என்னைத் தெரியவில்லை. அதற்கு எப்படித் தெரியும்? முடி இறக்குகிறவர்தான் சொன்னார். "எண்ணெய் வாசமும் போச்சு, உடுப்பும் போச்சு. அது ஆளக் காணலன்னு தேடுது அண்ணாச்சி."

குவியலை விட்டு வரவே மாட்டேன் என்றது. கடைசியில் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். அந்த முடியில் ஒரு கைப்பிடி அள்ளித் தினத்தந்தித் தாளில் மடித்துக் காருக்குள் வைத்தார். நாய் பின்னாலேயே ஏறி, பொட்டலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாமிக்குக் கொடுத்ததில் ஒரு பிடியைத் திருப்பி எடுக்கலாமா, எடை குறையாதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. யாரிடம் சொல்வது? சொல்வதற்கு இருந்த ஒரே ஆளும் என்னைக் கடிக்க வருகிறது. நான் ஏறப் பார்த்தேன், பாய்ந்தது. முன்சீட்டில் ஏறப் பார்த்தேன், நடுவில் புகுந்து வந்தது. நான் பேசாமல் எங்கள் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, பஸ் ஸ்டாண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆக, பின்சீட்டில் என் இடத்தில் என் முடி வருகிறது தம்பி. அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு நாய் வருகிறது. நான் டிக்கெட் எடுத்து வருகிறேன். சேலம் போன பிறகு என்ன செய்வது? வீட்டுக்குள் அது விடுமா? முடி வளர எத்தனை மாதம் ஆகும்? அதுவரை பொன்னுரங்கம் வீட்டுத் திண்ணையிலா படுப்பது? அவர் என் தலையைப் பார்த்தால் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்.

இருங்கள், போன் அடிக்கிறது. பூரணம்தான். நீங்களும் கேளுங்கள், எனக்கு இதில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது.

"சொல்லு... நான் பஸ்ஸுலதான். என்னது? அழுவுதா? யாரு?... தண்ணி கூடக் குடிக்கலையா? கிண்ணத்தை வச்சியா? அந்த நீலக் கிண்ணத்துலதான் குடிக்கும், வெள்ளையில வச்சா குடிக்காது. தயிர்சாதத்தைப் பிசைஞ்சு உருட்டிக் கொடுத்தியா?... என்னைத் தேடுதா? அப்ப என்னை ஏன் கடிக்க வந்துச்சு?... காதுல வைக்கிறியா? வேண்டாம் பூரணம். பஸ்ஸுல நாப்பது பேர் இருக்காங்க. நாயோட பேசினா என்ன நினைப்பாங்க?... சரி, வை. வை."

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் தம்பி.

"ராக்கெட்டு... டேய் ராக்கெட்டு. நான்தான்டா. ஏன்டா தண்ணி குடிக்கலை? குடி. நான் எங்கயும் போகலை. முன்னாடி போற பச்சை பஸ்ஸுலதான்டா இருக்கேன். சாஸ்தாகிட்ட முடியைக் கொடுத்துட்டேன்டா, வேற ஒண்ணுமில்லை. பாட்டி பண்ணின வேலை..."

கேட்டீர்களா? குரைக்கிறது. இது கோபக் குரைப்பு இல்லை, இது வேறு. வால் கார்க் கதவில் அடிக்கிற சத்தம் கேட்கிறதா? திரும்பிப் பாருங்கள், காரே ஆடும்.

"ஆங், பூரணம்... மாப்பிள்ளையா? மாப்பிள்ளை பேசுறாரா?"

...

"சரிங்க மாப்பிள்ளை. சரிங்க. அப்படியா? சரிங்க."

போனை வைத்துவிட்டார்.

நேராகப் பேசிவிட்டார் தம்பி. நாய் பெயரைச் சொல்லவே இல்லை. "மாமா, நீங்க எட்டயபுரத்துல இறங்குங்க. உங்க குரல் கேட்டா அது ஒண்ணும் செய்யலை. பேசிக்கிட்டே வந்து ஏறுங்க, பேசிக்கிட்டே வாங்க. பேச்சை மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா மறுபடி குரைக்கும்" என்கிறார். நாய் பின்னால் பொட்டலத்தோடு படுத்திருக்குமாம், பூரணம் அதற்குத் துணையாம். எனக்கு முன்சீட்டாம். அவர் பக்கத்தில்.

எட்டயபுரம் வந்துவிட்டதா? அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். கண்டக்டர், இறக்கம் இருக்கு!

சேலம் வரைக்கும் பேச வேண்டுமாம். நான்! ஏறியதிலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள், ஒரு வார்த்தை வருகிறதா எனக்கு? இவ்வளவு நேரம் சும்மாதானே உட்கார்ந்து வந்தீர்கள், ஒரு யோசனை சொல்லுங்கள் தம்பி. மனுசனும் மனுசனும் பக்கத்தில் உட்கார்ந்தால் பொதுவாக என்னதான் பேசிக்கொள்வார்கள்?